அளந்து பார்த்துக் காத்த அமைதி



ரஷ்யாவில், உரால் மலைக்கு மேற்கே வோட்கின்ஸ்க் என்றொரு ஊர். இசைமேதை சைகோவ்ஸ்கி பிறந்தது அங்கேதான். சோவியத் ஏவுகணைகளுக்கு இறுதி வடிவம் கொடுத்த ஆலையும் அங்கேதான். அயல்நாட்டார் எட்டிப் பார்க்க முடியாத அந்த ஊரில், 1988 முதல் அமெரிக்கச் சோதனையாளர்கள் குடியிருந்தார்கள். அதேபோல, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மாக்னா என்ற ஊரின் ஆலை வாசலில் சோவியத் சோதனையாளர்கள் அமர்ந்தார்கள்.

1987 டிசம்பர் 8 அன்று அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இதற்கு வழிசெய்தது. 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும், தரையிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகளை இரு நாடுகளும் அடியோடு ஒழிக்க வேண்டும். ஆனால் ஒரு சிக்கல். தடை செய்யப்பட்ட சோவியத் எஸ்எஸ்-20 ஏவுகணையின் முதல் அடுக்கும், அனுமதிக்கப்பட்ட எஸ்எஸ்-25-இன் முதல் அடுக்கும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதனால் வோட்கின்ஸ்க் ஆலையிலிருந்து வெளிவரும் பெரிய ரயில் பெட்டிகளை நிறுத்தி, நீள அகலம் அளந்து, தேவைப்பட்டால் எக்ஸ்-ரே கருவியால் உள்ளே பார்த்துத்தான் அனுப்பினார்கள். 13 ஆண்டுகள், இரவு பகலாக! 1991க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. தலைவர்களின் கைகுலுக்கலைவிட, பெயர் தெரியாத இந்தச் சோதனையாளர்களின் உழைப்பே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சோதனை உரிமை 2001இல் முடிந்தது. பின்னர் ரஷ்யாவின் 9எம்729 ஏவுகணை ஒப்பந்தத்தை மீறுகிறது என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது, ரஷ்யா மறுத்தது. நேரில் போய்ப் பார்க்கும் ஏற்பாடு அப்போது இல்லை. 2019 ஜனவரியில் ரஷ்யா அந்த ஏவுகணையின் ஏவுகுழாயைக் காட்சிக்கு வைத்தது. நிறுத்தி வைத்துக் காட்டினால் பாயும் தொலைவு தெரியாது என்று சொல்லி அமெரிக்கா பார்க்க வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 2இல் ஒப்பந்தமே முடிவுக்கு வந்தது. அளக்க ஆளில்லாமல் போனதால் ஐரோப்பா இழந்தது மிகப் பெரிது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, விட்டதை மீட்பது இன்னும் கடினமாகிவிட்டது.

பொறியியல், இயற்பியல், சட்டம், அயல்மொழி படித்த பிள்ளைகளே, ஆயுதங்களை அளந்து சோதிக்கும் இந்த வேலைக்கு ஆள் வேண்டும். வியன்னாவில் பன்னாட்டு அணுசக்தி முகமை இருக்கிறது. ஹேக் நகரில் வேதி ஆயுதத் தடை அமைப்பு இருக்கிறது. இரண்டிலும் இந்தியா உறுப்பு நாடு. வேலை தேடும்போது இந்தக் கதவுகளையும் தட்டிப் பாருங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.