புதுமுக மாணவரும் புத்தாக்க விழாவும்



க.பொ.த. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்கு அங்கே முதலிற் கிடைக்கும் வரவேற்பு யாது? பெற்றோர் பலர் இவ்வினாவை அச்சத்தோடு கேட்கின்றனர். பகிடிவதை என்னும் பெயரால் புதுமுக மாணவர் அடைந்த துன்பங்களை நாடு அறியும். அதனைத் தடுக்கும் பொருட்டு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பகிடிவதை புரிந்தோருக்கு இரண்டாண்டு வரையும், பாலியற் கொடுமையோ கடுங்காயமோ விளைவித்தோருக்குப் பத்தாண்டு வரையும் கடூழியச் சிறை விதிக்க அச்சட்டம் இடமளிக்கின்றது. ஆயினும், தீய வழக்கமொன்றைத் தண்டிக்கச் சட்டத்தால் இயலும். அதன் இடத்தில் நல்வழக்கமொன்றை நாட்டுதல் நமது பணியாகும். அத்தகைய நல்வழக்கமாகப் புத்தாக்க விழாவைக் கொள்ளலாம் என்பதே எனது கருத்து.

திருக்கோவிலிலிருந்து வடக்கே அக்கரைப்பற்றையும் அட்டாளைச்சேனையையும் கடந்து செல்வோர் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைக் காண்பர். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்நிறுவனத்தில், கலை, முகாமைத்துவம், பிரயோக விஞ்ஞானம், இஸ்லாமியக் கற்கை, பொறியியல், தொழினுட்பம் ஆகிய துறைகளுக்குத் தனித்தனிப் பீடங்கள் உள்ளன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே பயில்கின்றனர். இத்தகைய இடத்திலே புதுமுக மாணவருக்கான விழா எவ்வாறு அமைதல் வேண்டும்?

முதலாவதாக, எடுத்துக்கொள்ளும் பிரச்சினை ஊரிலிருந்து வருதல் வேண்டும். 2013இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வாயிலை மணல் அடைத்தது. வடபுறக் கரையைக் கடல் அரித்தது. மீனவர் தோணியும் விவசாயிகளின் தென்னந்தோப்பும் இதனால் இடருற்றன. மருதமுனைக் கைத்தறி நெசவாளர் சந்தைக்கு வழி தேடுகின்றனர். மேற்கேயுள்ள வயல்களில் யானைகள் இறங்குகின்றன. இவற்றுள் ஒன்றைத் தெரிந்து, முதல்நாள் மாணவரை அவ்விடத்துக்கே அழைத்துச் சென்று, அங்குள்ளோர் சொல்வதைக் கேட்கச் செய்தல் நன்று.

இரண்டாவதாக, ஒவ்வொரு குழுவிலும் பல பீடத்தாரும் பல மொழியினரும் கலந்திருத்தல் வேண்டும். புத்தாக்கம் பொறியியலாருக்கே உரியது என்று எண்ணுதல் தவறு. மீனவரிடம் பேசி அவர் குறையைத் திருத்தமாக எழுதுவதற்குக் கலைப்பீட மாணவி வேண்டும். செலவைக் கணிக்க முகாமைத்துவ மாணவன் வேண்டும். கருவியை வரைந்து காட்டப் பொறியியல் மாணவன் வேண்டும். குழுவொன்றுக்கு ஒரு சிரேஷ்ட மாணவர் துணையாக அமர்த்தப்படுவார். ஏவுகின்றவராக நின்றவர் உதவுகின்றவராக மாறும் இடம் இதுவேயாகும். ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே பகிடிவதை என்று கூறுவோருக்கு இதைவிடத் தக்க விடை வேறில்லை.

மூன்றாவதாக, பேச்சோடு நில்லாது கையாற் செய்தல் வேண்டும். மட்டை, மூங்கில், பழைய கம்பி ஆகியவை முதல் மாதிரியுருவுக்குப் போதும். தீர்ப்புக் கூறுவோருள் மீனவரும் நெசவாளரும் இருத்தல் வேண்டும். வெற்றி பெறாத மாதிரிகளையும் காட்சியில் வைத்து, அவை ஏன் பயன்படவில்லை என விளக்குவது பெருங்கல்வியாகும்.

விழா இரண்டு நாளில் முடிந்துவிடினும் வேலை முடிந்துவிடலாகாது. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் 2008இல் அமைந்த புத்தாக்க நிலையத்தை மாணவரே நடத்துகின்றனர். எண்ணத்தோடு வருபவர் அங்கே அதனைப் பொருளாக்கிப் பார்க்கலாம். அதுபோல் நம் வளாகங்களிலும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சிறு பட்டறையொன்று வேண்டும்.

ஒலுவிலுக்கு அண்மையிலுள்ள காரைதீவு, 1892இல் சுவாமி விபுலாநந்தரைப் பெற்ற ஊர். விஞ்ஞானப் பட்டதாரியான அவர், கணித அறிவைத் துணைக்கொண்டு பழந்தமிழர் யாழை ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். கலையும் விஞ்ஞானமும் ஓருள்ளத்தில் இணைந்தமைக்கு நம் கரையிலேயே சான்று உண்டு.

பாடசாலை அதிபர்களாகிய நாம், தலைநிமிர்ந்து கேள்வி கேட்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைக்கின்றோம். அத்தலை முதல் வாரத்திலேயே குனிய நேருமாயின் நம் உழைப்பு வீணாகும். புதிதாக வருவோரின் கையில் ஒரு வேலையையும் அருகில் ஒரு தோழரையும் கொடுத்து வரவேற்க வேண்டுமெனப் பல்கலைக்கழகத்தாரையும் சிரேஷ்ட மாணவரையும் கேட்டுக்கொள்கின்றேன்.