பொருள் மாறா ஓரெழுத்து



பொருள் மாறாத ஓரெழுத்துத் திருத்தம் பாட்டைக் கெடுக்குமா என்னும் வினா கவிஞர்க்குப் புதிதன்று. அகராதிப் பொருள் அப்படியே நிற்கும், தளையோ தட்டிவிடும். மனித உடலிலும் அத்தகைய திருத்தம் ஒன்று உண்டு. அங்கே கெடுவது பாட்டன்று, பச்சிளங்குழந்தையின் மூச்சு.

டி.என்.ஏ. என்னும் மூல ஏட்டிலிருந்து உயிரணு எடுக்கும் படியே ஆர்.என்.ஏ. அப்படியில் வேண்டிய பகுதிகளின் நடுவே வேண்டாத பகுதிகளும் விரவிக் கிடக்கின்றன என்பதை 1977-இல் ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் கண்டன. 1993-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். வேண்டாதவற்றை வெட்டி, வேண்டியவற்றை ஒட்டிய பின்னரே புரதம் பிறக்கும். இவ்வாறு வெட்டி ஒட்டும் பொறியின் உறுப்புகளைக் கோத்துத் தரும் புரதங்களுள் ஒன்று எஸ்.எம்.என்.

அப்புரதத்துக்கான மரபணுவை 1995-இல் பாரிசில் ஜூடித் மெல்கியின் குழு இனங்கண்டது. ஐந்தாம் குரோமோசோமில் அது எஸ்.எம்.என்.1, எஸ்.எம்.என்.2 என இரட்டையாய் அமைந்துள்ளது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஏழாம் பகுதியின் 54 எழுத்துகளுள் ஆறாவது, முன்னதில் சி, பின்னதில் டி. இரண்டும் குறிப்பது ஒரே அமினோ அமிலத்தையே. பொருள் நோக்கின் குற்றமில்லை. ஆயினும் வெட்டும் பொறி பொருளை நோக்குவதில்லை. ‘இப்பகுதியைச் சேர்த்துக்கொள்’ என்னும் குறிப்பையே தேடுகிறது. எழுத்து மாறியதால் அக்குறிப்பு மங்குகிறது. பெரும்பாலான படிகளில் ஏழாம் பகுதி முழுதும் விடுபடுகிறது. குறைப்பட்ட புரதம் விரைவில் அழிகிறது.

எஸ்.எம்.என்.1 நலமாயிருந்தால் இதனால் தீங்கில்லை. தாய், தந்தை இருவழியிலும் அதனை இழந்து பிறக்கும் குழந்தைக்கோ இரண்டாம் மரபணுவே கதி. வெட்டும் பொறிக்கு உறுப்பு கோத்துத் தரவேண்டிய புரதம், அப்பொறி விட்டுவிட்ட பகுதியாலேயே போதாமற் போகிறது. தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள் மடிகின்றன, தசைகள் நலிகின்றன. 1891-இல் ஆஸ்திரிய மருத்துவர் குய்டோ வெர்ட்னிக் விவரித்த இந்நோய், ஏறத்தாழ 10,000 பிறப்புகளில் ஒன்றைத் தாக்குகிறது. கடுமையான வகையில், மருத்துவமின்றேல், குழந்தை தானே உட்காராது. மூச்சுக்குத் துணையின்றிப் பெரும்பாலும் இரண்டு வயதைக் காணாது. அறிவோ மங்குவதில்லை. அன்னையின் முகத்தை அதன் கண்கள் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

2006-இல் ரவீந்திர சிங்கும் உடனாய்வாளரும், ஏழாம் பகுதியை அடுத்துள்ள வேண்டாப் பகுதியில் ‘விட்டுவிடு’ எனத் தூண்டும் சிறு தொடரைக் கண்டனர். ஏட்ரியன் கிரெய்னர் முதலியோரின் உழைப்பால் உருவாகி, 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சன் என்னும் மருந்து அத்தொடரின்மேல் படிந்து அதனை மறைக்கிறது. பிழைபட்ட எழுத்தை அது திருத்துவதில்லை. தவறாகத் தூண்டும் குரலை அடக்குகிறது. விடுபட்ட பகுதி திரும்புகிறது. உட்காரமாட்டா எனப்பட்ட குழந்தைகளுள் சிலர் உட்கார்ந்தனர். நோய்க்குறி தோன்றுமுன் மருந்து பெற்றவர் பலர் நடந்தனர்.

முதலாண்டுக்கு அங்கே குறிக்கப்பட்ட விலை 7,50,000 டாலர். மருந்து இருத்தலும் மருந்து கிடைத்தலும் ஒருபொருட் சொற்களல்ல.

‘பொருள் ஒன்றுதானே, எழுத்து மாறினால் என்ன?’ என்று கேட்பாரிடம் கவிஞர் தம் செவியையே சான்றாகக் காட்டி வந்தனர். இனி அக்குழந்தைகளையும் நினைக்கலாம்.