கணக்கில் வராத கைகள்



இந்த மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் அக்காவின் பெயர் உப்புப் பாக்கெட்டில் இருக்காது. நான் ஆய்வு செய்யும் மருந்தியலிலும் அதே கதைதான்.

ஆய்வாளரை எச்-இன்டெக்ஸ் என்ற எண்ணால் அளக்கிறார்கள். 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் சொன்ன கணக்கு அது. 20 என்றால், அவருடைய 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டுள்ளன. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இந்த எண்ணைப் பார்க்கிறார்கள்.

இதே கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வடநெம்மேலி. அங்கே 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நஞ்சை எடுத்துத் தருகிறது. பாம்புக்கடி மருந்துக்கும் நஞ்சு ஆய்வுக்கும் அதுவே மூலப்பொருள். கட்டுரையிலோ ‘நஞ்சு வாங்கப்பட்டது’ என்று ஒரு வரி. மேற்கோள் கணக்கு ஆசிரியர் பட்டியலோடு நின்றுவிடும். தடம் பார்த்துப் பாம்பைக் கண்டறியும் அறிவுக்கு அங்கே மதிப்பு பூஜ்யம்.

2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் விருது கொடுத்த பிறகும் கணக்கு மாறவில்லை.

உழைப்பு ஒருவருக்கு, அறிவுப் பெருமை இன்னொருவருக்கு என்று பிரிப்பதுதான் சாதி. பாம்பு பிடித்தவர்கள் சம்மதித்தால், அவர்கள் பெயரை என் ஆய்வேட்டில் எழுதுவேன். ஆய்வுக்கு வரும் நீங்களும் எழுதுங்கள்.

ஜெய்பீம்.