காசோலையும் காரின் திறப்பும்

வெள்ளிக்கிழமை மாலை, இணைய விளம்பரம் கண்டு பழைய காரை வாங்க ஒருவர் வருகிறார். விலை பேசாமலே இசைகிறார். காசோலையை வங்கியில் இட்டதாக வைப்புச்சீட்டைக் காட்டித் திறப்பைக் கேட்கிறார். அச்சீட்டு காசோலை ஒப்படைக்கப்பட்டதற்கே சான்று; பணம் வந்ததற்கன்று. கணக்கில் தொகை தோன்றினும், காசோலை தேறும்வரை அஃது எடுக்கத்தக்க பணமாகாது. அது மறுக்கப்பட்டுத் திரும்பும்போது, கார் மூன்றாங்கைக்கு மாறியிருக்கும்.

கைத்தொலைபேசியில் காட்டும் பணமாற்றப் படமோ இன்னும் மலிவான சரக்கு. இலங்கையில் 2015 முதல் வங்கிகளிடையே உடனடிப் பணமாற்ற வசதி உண்டு. படம் வந்தும் பணம் வராவிடில் ஐயுறவே வேண்டும்.

விற்பவர் தம் வங்கியை விசாரித்த பின்னரே உடைமைமாற்றப் படிவத்தில் ஒப்பமிடல் நன்று. "திங்கள் காலை வங்கியிலேயே சந்திப்போம்" என்றால் நேர்மையாளர் பெரும்பாலும் இசைவார். மற்றவர் அன்றிரவே வேறு விளம்பரம் தேடுவார்.