சுற்றுச்சூழல் கல்வியும் இளநிலை மாணவர் ஆய்வும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. இஃது இயல்புக்கு மாறானது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. எவ்வாறு முடிந்தது? இயல்பு எது என்பதை முந்தைய ஆண்டுகளில் சிலர் எண்ணி எழுதி வைத்திருந்தனர். அவ்வாறு எண்ணியோருள் கல்லூரி மாணவர் பலர்.

மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு சென்னையில் 1988இல் தோன்றியது. ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் இதன் தொண்டர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நள்ளிரவில் மணலில் நடக்கின்றனர். தடம் கண்டு கூட்டை அறிந்து, முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்திற்குக் கொண்டு சேர்க்கின்றனர். ஒரு கூட்டில் நூறு முட்டைகள் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். ஏறத்தாழ 45 நாளில் குஞ்சுகள் வெளிவரும். இட்டவை எத்தனை, பொரித்தவை எத்தனை, இறந்து ஒதுங்கியவை எத்தனை என்பனவே ஆய்வுக்கு அடிப்படை. ஆமையே காணாத இரவையும் மறைக்காமல் எழுதுவது ஆய்வின் அறம்.

இதற்கு முன்னோடியாக விளங்கியவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயில வந்த அவர், 1970களில் இத்தகைய இரவு நடைகளில் சேர்ந்தார். பின்னர் ஆமைகளைத் தேடி இந்தியக் கடற்கரைகளில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். 1982ஆம் ஆண்டு மழைக்காலத்தில், இலட்சத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஆளில்லாத சுகேலித் தீவில் ஐந்து திங்கள் தனித்திருந்து பச்சை ஆமைகளைக் கணக்கெடுத்தார். மாணவப் பருவத்தில் தொடங்கிய நடை வாழ்நாள் பணியாயிற்று.

இன்றைய மாணவர்க்கு வழிகள் இன்னும் அகன்றுள்ளன. பெங்களூரு, தில்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து கோடைக்கால ஆய்வு உதவித்திட்டம் ஒன்றை நடத்துகின்றன. தேர்வுபெறும் மாணவர், ஆய்வறிஞர் ஒருவரின்கீழ் இரண்டு திங்கள் பணியாற்றலாம், உதவித்தொகையும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி அளிக்கிறது. ஆனால் அறிவியல் கழகங்களின் திட்டத்திற்கு விண்ணப்பிக்கும் காலம் வழக்கமாக முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். மே மாதத்தில் மதிப்பெண் பட்டியலோடு விரைவோர்க்குக் கதவு மூடியிருக்கும். சிறு நகரக் கல்லூரிகளில் தகுதியுள்ள பிள்ளைகள் பலர் வாய்ப்பை இழப்பது அறிவுக் குறையால் அன்று; உரிய காலத்தில் எவரும் சொல்லாமையால்.

அவ்விண்ணப்பத்தில் எதனை, ஏன் ஆராய விரும்புகிறார் என்பதை மாணவரே எழுத வேண்டும். அவரை அறிந்த ஆசிரியர் பரிந்துரைக்க வேண்டும். இறுதியாண்டு ஆய்வேட்டைக் கடையில் விலைகொடுத்து வாங்கும் வழக்கம் இங்கேதான் காலை வாரிவிடுகிறது. அவ்வாறு வாங்கியவர்க்கு எழுத ஒரு வரியும் இராது. தம் ஊர் ஏரியின் நீர்மட்டத்தையும் வெப்பநிலையையும் வாரந்தோறும் ஓராண்டு அளந்து, வந்த பறவைகளை எண்ணி வைத்த மாணவிக்கோ சொல்வதற்கு நிறைய இருக்கும். அதற்கு வேண்டுவன ஓர் அளவுகோல், ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு, தவறாத பழக்கம் ஆகியவையே. அந்த ஏரியை வேறெவரும் அளந்திராவிடின், அவர் குறிப்பேடே அவ்வூரின் முதல் சான்று.

"இதனால் வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. நீரையும் காற்றையும் மண்ணையும் பிழையின்றி அளந்து, கண்டதைக் கண்டவாறே எழுதத் தெரிந்தவர்க்கு ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும் அரசுத் துறைகளிலும் தேவை உண்டு. மகளை அயலூர் ஆய்வகத்திற்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சுவதும் இயல்பே. அவ்வூரில் நம்பிக்கையான தங்குமிடம் ஒன்றைப் பெரியோர் காட்டித் தந்தால் அவ்வச்சம் பாதி நீங்கும். பயணச் செலவுக்குக் கைகொடுப்பின் மீதியும் நீங்கும்.

ஆண்டுதோறும் மதிப்பெண்ணைக் கேட்கும் பெற்றோர், "இவ்வாண்டு எதனை அளந்தாய்?" என்றும் பிள்ளைகளைக் கேட்பாராக. மாணவச் செல்வங்கள் விடைகூறக் குறிப்பேட்டோடு வருவாராக.