நாங்கள் நடந்த 21 கிலோமீற்றர்

(நூற்றாண்டு நிறைவு ஒன்றுகூடலில் பாடசாலைப் பிரதான மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, எங்களுக்குக் கற்பித்த ஆசிரியப் பெருந்தகைகளே, பழைய மாணவிகள் சங்கத் தலைவி அவர்களே, பல நாடுகளிலிருந்தும் வந்திருக்கும் அக்காமாரே, தங்கைமாரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் எங்கள் அன்பு வணக்கம்.

"எங்கள்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சங்கச் செயலாளர் பேச அழைத்தது ஒருவரைத்தான். ஆனால் பேச எடுத்த விடயம் இருவருடையது. மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே இருக்கும் அம்மாவும் 1970களில் இதே மண்டபத்தில் நிலத்திலிருந்து காலைப் பிரார்த்தனை சொன்னவர்தான். ஆகவே இந்த உரையில் "நாங்கள்" என்றால் அம்மாவும் மகளும். எங்களில் ஒருத்தி வைத்தியர், மற்றவர் நோயாளி. இங்கே சொல்லப் போகும் எல்லாவற்றையும் சொல்ல அம்மா அனுமதி தந்திருக்கிறார். ஒரேயொரு நிபந்தனைதான். அவருடைய நிறையைச் சொல்லக் கூடாது.

2024 செப்டெம்பர் 8ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் தொடங்கி சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் முடியும் "கிரேட் நோர்த் ரன்" என்ற அரை மரதனில் நாங்கள் பங்குபற்றினோம். அரை மரதன் என்றால் 21.0975 கிலோமீற்றர். இந்த ஓட்டம் 1981இல் தொடங்கியது. இப்பொழுது ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் ஓடுகிறார்கள். ஓடுகிறார்கள் என்று சொன்னாலும் நடப்பவர்களும் நிறைய உண்டு. நாங்கள் பெரும்பாலும் நடந்தோம், இறக்கங்களில் கொஞ்சம் ஓடினோம். அம்மாவுக்கு அப்போது 67 வயது.

அம்மா இங்கே படித்த காலத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் பெண்பிள்ளைகளுக்கு நீண்ட தூர ஓட்டம் என்று ஒன்று இருந்ததில்லையாம். அதற்கு எங்கள் பாடசாலையை மட்டும் குறை சொல்ல முடியாது. உலகமே அப்படித்தான் இருந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1500 மீற்றர் ஓட்டம் வந்தது 1972இல்தான். பெண்களுக்கான மரதன் வந்தது 1984இல், லொஸ் ஏஞ்சல்ஸில். அதற்குள் அம்மாவுக்கு மகள் பிறந்து மூன்று வயதாகிவிட்டது.

இனி, நாங்கள் ஏன் நடக்க வெளிக்கிட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

அப்பா காலமான பின் அம்மா எங்களிடம் வந்தார். குளிர் நாடு, தெரியாத தெரு, பாசை ஓரளவுதான். யன்னலோரத்துக் கதிரை ஒன்றில் அவருடைய நாள் தொடங்கி அதே கதிரையில் முடியும். பத்து வருடமாய் இருந்த சீனி வருத்தம் கூடியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை 9.3 வீதம் என்று வந்தது. கண்ணின் விழித்திரையில் முதல் மாற்றங்கள் தெரிந்தன. இன்சுலின் பற்றிப் பேச்சு வந்த அன்று அம்மா இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

எங்களில் வைத்தியரானவளின் நிலையையும் சொல்ல வேண்டும். காலை எட்டு மணி முதல் மாலை வரை வருகிறவர்களிடமெல்லாம் "நடவுங்கள், நடவுங்கள்" என்று சொல்லிவிட்டு, காரில் ஏறி வீட்டுக்கு வந்து, அம்மாவின் கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் விழுவதுதான் வழக்கம். அம்மா ஒருநாள் கேட்டார்: "பிள்ளை, நீ எல்லாருக்கும் நடக்கச் சொல்லுறாய். உன்னை ஆர் நடக்கச் சொல்லுறது?" பதில் இருக்கவில்லை.

அந்த மார்கழியில் சாப்பாட்டுக்குப் பின் ஏழு நிமிடம் என்று தொடங்கினோம். வெளியே பனி. ஆகவே வீட்டுக்குள்ளேயே, வாசலிலிருந்து குசினி வரை, திரும்பவும் வாசல் வரை. சாப்பிட்டவுடன் நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள குளுக்கோசை இழுத்துக்கொள்கின்றன. வேலை செய்யும் தசைக்கு அதற்கு இன்சுலினின் உதவி அவ்வளவாய்த் தேவையில்லை. அம்மாவின் விரலில் குத்திப் பார்க்கும் மானியில் இதை நாங்கள் கண்ணால் கண்டோம். புட்டு சாப்பிட்டு இருந்துவிட்டால் ஒரு எண், புட்டு சாப்பிட்டு நடந்தால் வேறு எண். வைத்தியரின் பேச்சை நம்பாத அம்மா மானியை நம்பினார்.

பின்னர் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூங்காவில் நடக்கும் "பார்க்ரன்". 5 கிலோமீற்றர், கட்டணம் இல்லை, கடைசியாய் வருபவருக்குப் பின்னால் ஒரு தொண்டர் கூடவே வருவார். முதல் நாள் அம்மா சேலையின் மேல் குளிர் அங்கி போட்டு, கன்வஸ் சப்பாத்துடன் வந்தார். 5 கிலோமீற்றருக்கு 1 மணித்தியாலம் 10 நிமிடம். அந்தக் கிழமைதான் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, 72 வயதில், 2023இல் பிலிப்பைன்ஸ் சென்று மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற செய்தியை யாரோ அம்மாவின் தொலைபேசிக்கு அனுப்பியிருந்தார்கள். "அவவுக்கு 72. எனக்கு 66 தானே" என்றார் அம்மா. அரை மரதனுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று நாங்கள் முடிவு செய்தது அன்றுதான். அனுமதிக் கட்டணத்தைக் கேட்டபோது மட்டும், "காசு கட்டி நடக்கிறதோ? விசர் வேலை" என்றார்.

பிழையும் விட்டோம். ஆனி மாதத்து ஒரு காலை, தேநீரை மட்டும் குடித்துவிட்டு 9 கிலோமீற்றர் நடக்கப் போனோம். அம்மா வழக்கம்போல் மாத்திரையைப் போட்டிருந்தார். ஆறாவது கிலோமீற்றரில் வியர்வை, கை நடுக்கம், சொன்னதற்குப் பொருந்தாத பதில். சீனி 3.4, ஊரில் சொல்லும் கணக்கில் ஏறத்தாழ 61. குளுக்கோசு வில்லைகளை எடுத்துவர வேண்டியவள் வைத்தியர். அவள் மறந்துவிட்டாள். பூங்காவில் பிள்ளையுடன் இருந்த ஒரு தாய் தந்த பழச்சாறுதான் அன்று காப்பாற்றியது. மறுநாளே அம்மாவின் குடும்ப வைத்தியரிடமும் நீரிழிவுத் தாதியிடமும் போனோம். நடக்கும் நாளில் மாத்திரையை எப்படிக் குறைப்பது என்று அவர்கள் ஒழுங்கு செய்தார்கள். தன் வீட்டாருக்குத் தானே வைத்தியம் பார்க்கக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்தது சும்மா அல்ல.

ஓட்ட நாளுக்கு வருவோம். காலையிலிருந்தே மழை. எங்களுக்கு வேறொரு பயமும் இருந்தது. இந்த ஓட்டத்துக்கு வழமையாக விமானப் படையின் சிவப்பு விமானங்கள் தாழப் பறந்து சாகசம் காட்டும். புக்காராவின் சத்தம் கேட்டுப் பதுங்கு குழிக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவருக்கு அது சாகசமாய் இருக்குமா? முதல் நாள் இரவே சொல்லி வைத்தோம். ஆனால் மேகம் தாழ்ந்து கிடந்தது. நாங்கள் ஒரு விமானத்தையும் காணவில்லை. அம்மா வானத்தைப் பார்த்து, "நல்லது" என்றார்.

ரைன் ஆற்றுப் பாலத்துக்கு முன்னே சுரங்கப் பாதை ஒன்று வரும். அதற்குள் போனதும் ஒருவர் "ஒகி ஒகி ஒகி" என்று கத்த, ஆயிரம் பேர் "ஓய் ஓய் ஓய்" என்று பதில் சொல்வார்கள். "இவையள் ஏன் ஓய் எண்டு எங்கட ஊர்க் கிழவரைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடினம்?" என்று கேட்ட அம்மா, இரண்டாம் முறை தானும் "ஓய்" என்றார். பாலத்தைத் தாண்டி கேற்ஸ்ஹெட். வீதியின் இரு புறமும் சனம், மழைக்குள் குடையுடன். வீட்டுவாசலில் மேசை போட்டுத் தோடம்பழச் சுளைகளும் இனிப்பும் வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாத சிறுவர்கள் கையை நீட்டி எங்கள் கையில் தட்டினார்கள்.

ஜரோ என்ற ஊர்ப் பக்கம் வந்தபோது அதன் கதையைச் சொன்னோம். கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டு வேலையிழந்த ஊரிலிருந்து 1936இல் ஏறத்தாழ 200 ஆண்கள் வேலை கேட்டு இலண்டன் வரை நடந்து போனார்கள். அம்மா கேட்ட முதல் கேள்வி: "வழியில ஆர் சாப்பாடு குடுத்தது?" வழியில் இருந்த ஊர்ச் சனம் என்றோம். கொஞ்சத் தூரம் ஒன்றும் பேசவில்லை.

பதினாறாம் கிலோமீற்றருக்குப் பின் நீண்ட ஏற்றம். அந்த ஏற்றத்தில்தான் அம்மா பேசத் தொடங்கினார்.

இங்கே இருக்கும் பலருக்கு 1995 ஒக்ரோபர் 30 இரவை விளக்கத் தேவையில்லை. இளைய மாணவிகளுக்காக ஒரு வரி: ஒலிபெருக்கியில் அறிவித்தல் கேட்டு, குடாநாட்டின் ஒரு பாதியே ஒரு இரவில் மற்றப் பாதியை நோக்கி, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. அப்பா கொழும்பில். அம்மாவுக்கு 38 வயது, மகளுக்கு 14. அம்மம்மாவை இருத்தவும் சாமான் கட்டவும் இருந்தது ஒரு சைக்கிள். நகரத்திலிருந்து கொடிகாமம் வரை போய்ச் சேர எங்களுக்கு இரண்டு நாள் எடுத்தது. அந்தத் தூரமும் ஏறத்தாழ ஒரு அரை மரதன்தான். இதை நாங்கள் முன்பு கணக்குப் பார்த்ததில்லை. அம்மா அந்த ஏற்றத்தில் கணக்குப் பார்த்திருந்தார்.

"அண்டைக்கு வெளிக்கிடேக்க சைக்கிளில தண்ணிக் கான் கட்டியிருந்தனான்" என்றார். "பாரம் கூடிப் போச்சு. கானை இறக்கி வைச்சிட்டு உன்ர புத்தகப் பையைக் கட்டினனான். செம்மணியில நிக்கேக்க அம்மா தண்ணி தண்ணி எண்டு கேட்டவ. குடையில மழைத் தண்ணி பிடிச்சுத்தான் குடுத்தது."

அம்மம்மா பன்னிரண்டாம் நாள் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் காலமானார். அந்தப் பைக்குள் இருந்தவை இந்தப் பாடசாலையின் ஒன்பதாம் ஆண்டுப் புத்தகங்கள். அவற்றை வைத்துத்தான் மரத்தின் கீழ் படித்தோம். அந்தப் படிப்பின் மிச்சம்தான் பிறகு மருத்துவ பீடம். 29 வருடமாக, மகள் அடம்பிடித்ததால்தான் பை வந்தது என்று மகள் நினைத்திருந்தாள். கானை இறக்கி வைத்தது அவளுக்குத் தெரியாது.

நாங்கள் அந்த ஏற்றத்தின் ஓரத்தில் நின்றோம். அம்மம்மாவுக்கு வெளிக்கிடுவதற்கு முன்பே இரண்டு காலும் வீங்கியிருந்தது, படுக்க முடியாமல் இருந்தபடியே நித்திரை கொண்டார், அவருடைய இதயம் ஏற்கெனவே களைத்துப் போயிருந்தது, ஒரு கான் தண்ணீர் அதை மாற்றியிராது என்று சொன்னபோது அம்மா கேட்டார்: "நீ இதை டொக்டராய்ச் சொல்லுறியோ, பிள்ளையாய்ச் சொல்லுறியோ?"

"ரெண்டாயும்தான் அம்மா."

அடுத்த திருப்பத்தில் தண்ணீர் மேசை. பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, மழையில் முழுக்க நனைந்தபடி, சிரித்துக்கொண்டு போத்தலை நீட்டினாள். அம்மா இரண்டு வாங்கினார். ஒன்றைக் குடித்தார். மற்றதைக் குடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். இறுதியில் ஒரு செங்குத்தான இறக்கம், அதன் கீழே சாம்பல் நிறக் கடல், பிறகு கடலோரமாக ஒரு மைல். 3 மணித்தியாலம் 58 நிமிடத்தில் கோட்டைக் கடந்தோம். பதக்கத்தைக் கழுத்தில் போட்டவரிடம் அம்மா ஆங்கிலத்தில் "தாங்க் யூ மகன்" என்றார்.

அந்த ஒக்ரோபரில் அம்மாவின் மூன்று மாதச் சராசரி 7.2. இன்சுலின் இன்னும் தேவைப்படவில்லை. நாளை தேவைப்பட்டால் போடுவோம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் பெரிய மாற்றம் வேறு. இப்பொழுது அம்மம்மாவைப் பற்றிச் சாதாரணமாகக் கதைக்கிறார், அவர் வைத்த மீன் குழம்பைப் பற்றி, அவருடைய கோபத்தைப் பற்றி.

வைத்தியர் மேடை ஏறினால் புத்திமதி இல்லாமல் இறங்குவதில்லை. நான்கு மட்டும் சொல்கிறோம். முதலாவது, எங்கள் தெற்காசிய உடம்புக்கு மெலிந்த தோற்றத்திலேயே சீனி வருத்தம் வரும். பிரித்தானிய வழிகாட்டல்கள் எங்களுக்கு உடற் திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனம் என்கின்றன. "நான் மெலிவுதானே" என்று பரிசோதிக்காமல் இருக்க வேண்டாம். இரண்டாவது, உலக சுகாதார நிறுவனம் கேட்பது கிழமைக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. அது ஒரு நாளைக்கு 22 நிமிடம்கூட இல்லை, ஒரு நாடகத் தொடரின் நேரம். மூன்றாவது, சீனி வருத்தத்துக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் புதிதாக நடக்கத் தொடங்குமுன் தங்கள் வைத்தியரிடம் கதையுங்கள். பையில் குளுக்கோசு வைத்திருங்கள். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைப் பாருங்கள், கொப்புளம் தெரியாமலே புண்ணாகும். நான்காவது, அம்மாவிடம் "நடவுங்கோ" என்று சொல்லாதீர்கள். கூட நடவுங்கள். முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்டால் சொல்லாத கதையை, பக்கத்தில் நடந்தால் அவர்கள் சொல்வார்கள்.

நாளை காலை ஐந்தரை மணிக்கு நாங்கள் பாடசாலை வாசலில் நிற்போம். அங்கிருந்து நாவற்குழிப் பாலம் வரை நடக்கப் போகிறோம். அம்மா அந்தப் பாலத்தை பஸ்ஸிலும் வானிலும் பலமுறை கடந்திருக்கிறார், அன்றைக்குப் பிறகு காலால் கடந்ததில்லை. வர விரும்புபவர்கள் வாருங்கள். மெதுவாகத்தான் நடப்போம், திரும்பி வர வாகனம் ஒழுங்கு செய்திருக்கிறோம். சேலையோடும் வரலாம், சப்பாத்து மட்டும் சரியாய் இருக்கட்டும். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டு வாருங்கள்.

எங்களை எழுத்தறிவித்து, ஓடவும் வைத்த இந்தப் பாடசாலை இன்னும் பல நூற்றாண்டு வாழ்க.