வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்



பொருளாதாரம் என்றால் படித்தவர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. ரிசர்வ் வங்கியே அப்படி நினைக்கவில்லை! வட்டி விகிதத்தை முடிவு செய்யும் ஆறு பேர் குழுவுக்காக அது வீடு வீடாக ஆள் அனுப்புகிறது. சென்னை உட்பட 19 நகரங்களில், ஏறத்தாழ 6,000 குடும்பங்களிடம், "விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது? அடுத்த ஆண்டு எவ்வளவு ஏறும்?" என்று கேட்கிறது.

குடும்பங்கள் சொல்லும் எண் பெரும்பாலும் அரசின் பணவீக்க எண்ணைவிட அதிகமாகவே இருக்கிறது. மக்களுக்குக் கணக்குத் தெரியாது என்று அதைத் தள்ளிவிடலாமா? கூடாது. விலை ஏறும் என்று நம்புகிற தொழிலாளி கூலியைக் கூட்டிக் கேட்பார். வியாபாரி முன்கூட்டியே விலையை ஏற்றுவார். மக்கள் மனத்தில் இருக்கும் எண்ணே நாளைய விலையாகிவிடுகிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வட்டியைத் தீர்மானிப்பது எப்படி?

2021ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் பொருளாதாரம் 20.1 விழுக்காடு வளர்ந்தது என்று அறிவித்தார்கள். அது பொய்யான எண் அல்ல. முந்தைய ஆண்டு ஊரடங்கில் விழுந்த பள்ளத்திலிருந்து அளந்த ஏற்றம் அது. ஆனால் அந்த மே மாதம், நுகர்வோர் நம்பிக்கையை அளக்கும் ரிசர்வ் வங்கியின் குறியீடு 48.5. நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் நடுக்கோடு 100! வேலை போயிற்று, வருமானம் சுருங்கிற்று என்று குடும்பங்கள் சொல்லிய உண்மை அந்த 20.1இல் எங்கே இருக்கிறது? கேட்டதால்தானே தெரிந்தது.

ஆனால் எப்படிக் கேட்டாலும் போதும் என்பதல்ல. தொலைக்காட்சியில் "ஆம், இல்லை" என்று குறுஞ்செய்தி அனுப்பச் சொல்வதை நான் கருத்துக்கணிப்பு என்று சொல்லமாட்டேன். விருப்பமுள்ளவர் மட்டும் பதில் சொன்னால் அது ஊரின் குரல் ஆகாது. யாரைக் கேட்பது என்பதை முறையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்ட கேள்வியை அப்படியே வெளியிட வேண்டும். பேருந்துக் கட்டணத்தை உயர்த்தலாமா என்று கேட்டால் ஒரு பதில் வரும். உயர்த்தாவிட்டால் எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று சேர்த்துக் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டும் வேண்டும்.

நம் மாநில அரசுக்கு என் வேண்டுகோள் இதுதான். நிதிநிலை அறிக்கைக்கு முன் வணிகர் சங்கங்களையும் தொழில் அமைப்புகளையும் அழைத்துக் கருத்துக் கேட்கிறீர்கள், நல்லது. சங்கம் இல்லாத வீட்டு வேலைக்காரம்மாவையும், குத்தகை விவசாயியையும் மாவட்டவாரியாக, நல்ல தமிழில் கேளுங்கள். வந்த பதில்களைச் சட்டமன்ற விவாதத்துக்கு முன்பே வெளியிடுங்கள்.